வாட்டர் பம்ப் சொட்டுகிறது: பழையதைப் பிரிப்பதா, புதியதை மாட்டுவதா?

கேள்வி இதுதான். அறுபதுகளில் தயாரான கார். வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இன்ஜின் ஓடும்போது முன்பக்கத்தில் மெல்லிய உறுமலும் கேட்கிறது. புதிய பம்ப் ஒன்று கிடைக்கிறது, ஆனால் பார்வைக்குப் பழையது போல இல்லை. அதை வாங்கி மாட்டிவிடலாமா, பழையதையே பிரித்துச் சரிசெய்யலாமா?

எதைச் செய்தாலும் பழைய பம்பை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் காராக இருந்தால், வார்ப்பு உடலில் விரிசல் இல்லாதவரை பழையதைத்தான் சீராக்குவேன். பழைய பொருளின் மீது இருக்கும் பற்றால் இதைச் சொல்லவில்லை. உங்கள் இன்ஜினின் முகத்துக்கும் ரேடியேட்டருக்கும் பெல்ட் வரிசைக்கும் சரியாகப் பொருந்திய அளவுகள் அந்த வார்ப்பில்தான் இருக்கின்றன. தேய்வது அதற்குள் இருக்கும் பேரிங்கும் சீலும்தான், சில நேரம் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும் சேர்ந்துகொள்ளும். அவற்றை மாற்றிவிட்டால் பம்ப் மீண்டும் புதிதுதான்.

பம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று மனத்தில் ஒரு படம் வரைந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நடுவில் ஒரு ஷாஃப்ட். அதன் வெளிமுனையில் ஹப்; விசிறியும் புல்லியும் அதில் மாட்டியிருக்கும். உள்முனையில், தண்ணீருக்குள், இம்பெல்லர். இடையில் ஷாஃப்டோடு ஒன்றாகவே செய்யப்பட்ட இரட்டை வரிசைப் பேரிங். பேரிங்குக்கும் இம்பெல்லருக்கும் நடுவே சீல். இந்தச் சீல் வெறும் ரப்பர் வளையம் அன்று. ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு கார்பன் வளையம், கண்ணாடி போல மெருகேற்றிய ஒரு முகத்தின் மீது உராய்ந்து சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதுதான் அவற்றுக்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓட்டினாலே புதிய சீல் கெட்டுவிடுவது அதனால்தான். பம்ப் மாட்டியாகிவிட்டதே, சத்தம் எப்படி என்று பார்க்கலாம் என்று தண்ணீர் ஊற்றாமல் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்ப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

அடியில் இருக்கும் அந்தச் சிறு துளை பழுதால் வந்தது அன்று, வடிவமைத்தவர் வேண்டுமென்றே வைத்தது. சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்கைத் தொடுவதற்கு முன்னால் வெளியே விழ வேண்டும் என்பதற்காக இருப்பது. நான் வாங்கிய ஒரு காரில் முந்தைய உரிமையாளர் அந்தத் துளையை எபாக்சி வைத்து அழகாக அடைத்து, மேலே பெயிண்டும் அடித்திருந்தார். வெளியே ஒரு சொட்டு இல்லை. பம்பைப் பிரித்தபோது பேரிங்கிலிருந்து கிரீஸுக்குப் பதிலாகக் காபி நிறத்தில் துருத் தண்ணீர் வழிந்தது. கசிவை அவர் நிறுத்தவில்லை, பேரிங்குக்குள் அனுப்பி வைத்திருக்கிறார்.

உங்கள் பம்பில் சொட்டும் உறுமலும் சேர்ந்தே இருக்கின்றன என்பதால் பெரும்பாலும் அதே பாதையில்தான் போயிருக்கும்: முதலில் சீல் தேய்ந்தது, பிறகு தண்ணீர் பேரிங்கைப் பிடித்தது. ஆனாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். டைனமோவின் பேரிங்கும் இதே குரலில்தான் உறுமும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு, விசிறியின் எதிரெதிர் இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். நல்ல பேரிங்கில் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. பிறகு விசிறியை மெல்லச் சுழற்றுங்கள். மணலை அரைப்பது போல விரலுக்குத் தெரிந்தால் பேரிங் முடிந்தது. டைனமோ புல்லியையும் அதேபோலச் சுழற்றிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். பம்பில் ஆட்டம் தெரிந்த பிறகு அந்தக் காரை ஓட்ட வேண்டாம். விசிறி பம்ப் ஷாஃப்டிலேயே இருக்கும் கார்களில் பேரிங் விட்டுப்போனால் விசிறி நேராக ரேடியேட்டருக்குள் நுழையும்.

இன்ஜின் சூடாவதுதான் உங்கள் முறையீடாக இருந்திருந்தால் பம்பைக் கடைசியில்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு), தளர்ந்த பெல்ட், வேகத்தில் உள்வாங்கிச் சப்பையாகும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் என்று முன்வரிசையில் நிற்பவை பல. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. சொட்டும் இல்லை, சத்தமும் இல்லை, ஆனால் இம்பெல்லரின் இறக்கைகள் துருவில் கரைந்து பாதியாகியிருக்கும். அல்லது இம்பெல்லர் ஷாஃப்டில் பிடிப்பு விட்டு வழுக்கிக்கொண்டிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் பம்ப் பிரமாதமாகச் சுழலும், தண்ணீர் மட்டும் நகராது. பல ஆண்டுகள் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய கார்களில் இதை எதிர்பார்க்கலாம்.

ஒரு சின்னக் கிளைக்கதை. வாட்டர் பம்பே இல்லாமல் கோடிக்கணக்கான மைல்கள் ஓடிய கார்கள் உண்டு. ஃபோர்டு மாடல் டி காரில் தொடக்கத்தில் வந்த சுமார் 2,500 வண்டிகளில் மட்டுமே பம்ப் இருந்தது. அதன் பிறகு 1927 வரை வந்தவை அனைத்தும், சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயல்பை நம்பியே ஓடின. அதே ஃபோர்டு 1932-இல் கொண்டுவந்த வி8 இன்ஜினில் ஒன்றுக்கு இரண்டு பம்புகள். முதலில் அவற்றை சிலிண்டர் ஹெட்களில் வைத்து, சூடான தண்ணீரை இழுக்க வைத்தார்கள். 1937-இல் அவற்றைக் கீழே பிளாக்குக்கு இறக்கி, குளிர்ந்த தண்ணீரைத் தள்ள வைத்தார்கள். காரணம் எளியது. கொதிநிலையை நெருங்கிய தண்ணீரை இம்பெல்லர் உறிஞ்சும்போது அது நீராவிக் குமிழாக உடைகிறது. குமிழைத் தள்ள எந்தப் பம்பாலும் முடியாது. குமிழ்கள் சட்டென்று உள்நோக்கி நொறுங்கி உலோகத்தையும் அரிக்கும். பழைய இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பார்த்தால் சில நேரம் கறையான் தின்றது போலக் குழிகள் தெரியும். அதற்கு இதுவும் துருவும் சேர்ந்தே காரணம்.

இனி புதிய பம்பின் விஷயம். பழைய கார்களுக்கு இன்று தயாராகும் பம்புகளில் நல்லவையும் உண்டு. ஆனால் பெட்டியைத் திறந்ததும் மாட்டாதீர்கள். பழையதையும் புதியதையும் மேசை மேல் அருகருகே, கேஸ்கெட் முகம் (இன்ஜினோடு ஒட்டும் தட்டையான பக்கம்) கீழே இருக்கும்படி வைத்து, வெர்னியர் காலிப்பரை எடுங்கள். முதலில் கேஸ்கெட் முகத்திலிருந்து ஹப்பின் முகம் வரை உள்ள உயரம். அடுத்து கேஸ்கெட் முகத்திலிருந்து இம்பெல்லர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆழம். பிறகு இம்பெல்லரின் விட்டம், இறக்கைகளின் எண்ணிக்கை, ஒவ்வோர் இறக்கையின் உயரம். வார்த்த இம்பெல்லர் இருந்த இடத்தில் தகட்டை வளைத்து வெட்டிய இம்பெல்லர் இருந்தால் அது மட்டுமே குறை ஆகாது. இறக்கை உயரம் பாதியாக இருந்தால் குறைதான். மெல்ல ஓடும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் அது காட்டிக்கொடுக்கும்.

ஹப் உயரத்தை நான் அளக்காமல் விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவரின் காருக்குப் புதிய பம்ப் வந்தது. போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின, பெல்ட்டும் ஏறியது. கையால் சுழற்றினால் விசிறி எதையும் தொடவில்லை. இன்ஜினை வேகப்படுத்தியபோது, இன்ஜின் தன் ரப்பர் மவுண்டில் சற்றே முன்னால் சாய, விசிறியின் ஓர் இறக்கை ரேடியேட்டரின் நடுவில் அரைவட்டமாகக் கோடு போட்டது. பிறகு அளந்தால் ஹப் 6 மி.மீ. முன்னால் வந்திருந்தது. மாட்டுவதற்கு முன் அளந்திருந்தால் 2 நிமிட வேலை. விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் பருமனாவது இடைவெளி வேண்டும். புல்லியின் பள்ளம் மற்றப் புல்லிகளோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று நேரான ஒரு பட்டையை வைத்துப் பாருங்கள். கோடு தவறினால் பெல்ட் ஓரம் கிழியும், பேரிங்கும் ஒருபக்கச் சுமையில் சீக்கிரம் போகும்.

அளவுகள் சரியாக இருந்தால் புதியதைத் தாராளமாக மாட்டலாம். பழையதை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்திவிட்டு நிதானமாகச் சீராக்கிக்கொள்ளலாம். அளவு தவறினால் கேள்விக்கே இடமில்லை, பழையதைச் சீராக்குவதுதான் வழி.

கழற்றும் வேலைக்கு வருவோம். பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, குளிர்ந்த இன்ஜினிலிருந்து கூலண்டை ஒரு தொட்டியில் வடியுங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், அது அவற்றைக் கொல்லும். அதைத் தரையில் விட வேண்டாம். ரேடியேட்டரை எடுக்காமலே பம்பைக் கழற்ற முடியும் என்று தோன்றினாலும் எடுத்துவிடுங்கள். நான்கு போல்ட்டுக்குச் சோம்பல்பட்டு ஸ்பேனர் வழுக்கி ரேடியேட்டரில் துளை போட்டவர்களை எனக்குத் தெரியும். விசிறியைக் கழற்றும்போது எந்தப் பக்கம் முன்னால் என்று சாக்பீஸால் குறியிடுங்கள். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் பாதிதான் போகும். இறக்கைகளின் அடியில், ரிவெட் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். விரிசல் விட்ட விசிறி குப்பைக்குப் போக வேண்டும், வெல்டிங்குக்கு அன்று.

பம்பின் போல்ட்கள் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது. அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு போல்ட்டைச் செருகி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கி பிளாக்கை உடைத்தால் பம்ப் மறந்துபோய்விடும்.

இந்த வேலையின் உண்மையான ஆபத்து இந்தப் போல்ட்களில்தான் இருக்கிறது. பம்பைப் பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. எஃகுப் போல்ட், அலுமினிய உடல், நடுவே ஐம்பது ஆண்டுத் தண்ணீர்: மூன்றும் சேர்ந்து வெள்ளையாக ஒரு பொடியை உண்டாக்கி போல்ட்டை இறுகக் கட்டிப்போட்டிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். மறுநாள் போல்ட் தலையின் மேல் ஒரு தண்டை வைத்து நேராக இரண்டு மூன்று முறை நன்றாகத் தட்டுங்கள். தட்டுவதில் மரைக்குள் இருக்கும் துரு நொறுங்கும். பிறகு கழற்றும் திசையில் போகாமல், முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு முறுக்குங்கள். 'டிக்' என்று ஒரு சிறு ஓசை வந்து போல்ட் அசைந்தால் பிடி விட்டுவிட்டது. அதன் பிறகு கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி கால் சுற்று வெளியே என்று முன்னும் பின்னுமாக வாருங்கள். ஸ்பேனர் ரப்பர் போல இழுபட்டு வருவதாகக் கைக்குத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். போல்ட் கழலவில்லை, முறுகிக்கொண்டிருக்கிறது. இன்னும் கால் சுற்று போனால் தலை கையோடு வந்துவிடும். அந்த நேரத்தில் சூடுதான் உதவும். போல்ட்டைச் சுற்றியுள்ள வார்ப்பைச் சூடாக்குங்கள், போல்ட்டை அன்று. பக்கத்தில் பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.

அத்தனையும் செய்தும் ஒன்று உடைந்துவிட்டதா? பதற வேண்டாம். மற்ற போல்ட்களைக் கழற்றி பம்பை எடுத்துவிட்டால், உடைந்ததன் மீதித்துண்டு பெரும்பாலும் பிளாக்கிலிருந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒரு நட்டை வைத்து உட்பக்கம் வெல்டிங் செய்தால், அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். சூடு தணியத் தொடங்கும்போது ஸ்பேனர் போடுங்கள். உடைந்த போல்ட்டுக்குள் திருகி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை நான் விரும்புவதில்லை. அது கடினப்படுத்திய எஃகு. உள்ளே அதுவும் உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது.

பம்ப் இப்போது மேசை மேல். பிரிப்பதற்கு முன் அளவுகளை எழுதிவையுங்கள்: ஹப் முகம் எவ்வளவு உயரத்தில், இம்பெல்லர் எவ்வளவு ஆழத்தில், பேரிங்கின் வெளிமுனை உடலின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே. திரும்பச் சேர்க்கும்போது இந்த மூன்று எண்களே உங்களுக்கு வழிகாட்டி. கைபேசியில் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் படத்தில் மில்லிமீட்டர் தெரியாது.

ஹப்பைப் புல்லர் வைத்து இழுங்கள். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் ஹப் கோணிவிடும், பிறகு விசிறி ஆடும். பேரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் கம்பி வளையமோ பக்கவாட்டுத் திருகோ இருக்கிறதா என்று தேடுங்கள். பல பம்புகளில் அது பெயிண்டுக்கும் அழுக்குக்கும் அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி உடலையே பிளந்தவர்கள் உண்டு. அதை எடுத்த பிறகு உடலைத் தாங்கிப் பிடித்து, ஷாஃப்டை அழுத்தினால் இம்பெல்லரிலிருந்து ஷாஃப்டும் பேரிங்கும் சேர்ந்து வெளியே வரும். எந்தத் திசையில் வெளியேறும் என்பது பம்புக்குப் பம்பு மாறும். பேரிங் பள்ளத்தின் எந்தப் பக்கம் படி இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வார்ப்பிரும்பு இம்பெல்லர் கண்ணாடி மாதிரி, இறக்கையின் நுனியில் புல்லரைப் போட்டால் ஒடியும். பிடிவாதம் செய்தால், மாற்று இம்பெல்லர் கையில் இருக்கும்போது மட்டும், அறுத்து எடுத்துவிடுவது உத்தமம்.

உடலைச் சுத்தம் செய்து வெளிச்சத்தில் பாருங்கள். உப்புப் படிவுக்கு அடியில் குழிகள் இருக்கும். கேஸ்கெட் முகத்தில் இருக்கும் சிறு குழிகளை உலோகப்பொடி கலந்த எபாக்சியால் நிரப்பி, கண்ணாடிப் பலகை மேல் விரித்த 240 எண் உப்புத்தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமப்படுத்தலாம். சீல் உட்காரும் பள்ளத்தில் குழி இருந்தால் அது வேறு விஷயம். அங்கே எபாக்சியை நம்ப மாட்டேன். லேத்தில் கடைந்து ஒரு வளையம் பொருத்த வேண்டும். சில பழைய வடிவங்களில் சீலின் கார்பன் நேரடியாக வார்ப்பு உடலின் மீதோ இம்பெல்லரின் முதுகின் மீதோ உராயும். அந்த முகத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல புதிய சீல் போட்டாலும் சொட்டும். அதையும் லேத்தில் முகம் எடுத்தாக வேண்டும்.

புதிய பேரிங் வாங்கும்போது பம்பின் பெயரைவிட அளவுகளே பேசும்: வெளிவிட்டம், உடல் நீளம், இரு பக்கமும் ஷாஃப்டின் விட்டமும் நீளமும். ஷாஃப்ட் விட்டம் பலவற்றில் 5/8 அங்குலம், அதாவது 15.9 மி.மீ. அருகில் இருக்கும். நீளம் அதிகமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சேர்ப்பதில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். அழுத்தும் விசை பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போகக் கூடாது. பேரிங்கை உடலுக்குள் அழுத்தும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துங்கள், அதே விட்டமுள்ள ஒரு சாக்கெட்டோ குழாய்த் துண்டோ போதும். ஹப்பை ஷாஃப்டில் அழுத்தும்போது ஷாஃப்டின் மறுமுனையை அடியில் தாங்குங்கள், உடலை அன்று. நான் முதன்முதலில் சீராக்கிய பம்பில் இதைத்தான் தவறவிட்டேன். உடலைப் பிரஸ் பலகையில் உட்கார வைத்து மேலே ஹப்பை அழுத்தினேன். இரண்டு டன் விசை ஹப்பிலிருந்து ஷாஃப்டுக்கும், ஷாஃப்டிலிருந்து குண்டுகளுக்கும், அங்கிருந்து வெளிவளையத்துக்கும் போனது. கையால் சுழற்றியபோது ஒன்றும் தெரியவில்லை. 200 கிலோமீட்டரில் உறுமத் தொடங்கியது. பிரித்து பேரிங்கை அறுத்துப் பார்த்தேன். குண்டுகள் ஓடும் பாதையில் ஊசியால் குத்தியது போல வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு குண்டும் தான் நின்ற இடத்தில் ஒரு பள்ளம் பதித்திருந்தது. அந்த அறுத்த பேரிங் இன்றும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது.

விசையைக் குறைக்கச் சூட்டையும் குளிரையும் பயன்படுத்துங்கள். அலுமினிய உடலைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் 38 மி.மீ. துளை சுமார் 0.06 மி.மீ. விரியும். பேரிங்கை அதற்கு முன் சில மணி நேரம் உறைநிலைப் பெட்டியில் வைத்திருந்தால் அதுவும் 0.02 மி.மீ. சுருங்கியிருக்கும். பேரிங்கின் இறுக்கமே அவ்வளவுதான் என்பதால் கையாலேயே 'டப்' என்று உட்கார்ந்துவிடும். வார்ப்பிரும்பு உடலில் இந்த விரிவு பாதிதான், அங்கே பிரஸ் வேண்டும். பேரிங் உடலில் கிரீஸ் துளை இருந்தால், பம்பின் கிரீஸ் நிப்பிளுக்கு நேராக அது வருகிறதா என்று உட்காரவைக்கும் முன் குறியிட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பிறகு திருப்ப முடியாது. அப்படி நிப்பிள் உள்ள பம்புகளில் கிரீஸைத் தாராளமாக அடிப்பதும் தவறு. மிஞ்சிய கிரீஸ் சீல் வழியாகத் தண்ணீருக்குள் போய் ரேடியேட்டரின் குழாய்களில் பூசிக்கொள்ளும்.

சீலுக்கு வரும்போது கையைக் கழுவிவிட்டு வாருங்கள், மெய்யாகவே சொல்கிறேன். கார்பன் முகத்திலும் அது உராயும் பீங்கான் முகத்திலும் விரல் படக் கூடாது. எண்ணெயும் மணலும் ஒட்டினால் படலம் உடையும். ரப்பர் பகுதிக்குச் சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் வேண்டாம். சீலின் உலோக விளிம்பை மட்டும் தொடும் குழாயால் நேராக அழுத்துங்கள். உடலில் அது உட்காரும் விளிம்பில் மெல்லிய பூச்சாக சீலன்ட் தடவலாம். ஸ்பிரிங்கை அழுத்தி உட்காரவைக்க முயன்றால் கார்பன் விரிசல் விடும், வெளியே தெரியாது.

கடைசியாக இம்பெல்லர். இதன் இடம்தான் இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்கிறது. சீலின் ஸ்பிரிங் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பது ஒன்று. இறக்கைகளுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மற்றொன்று. அந்தக் காலத்துக் கையேடுகள் பலவற்றில் 0.5 முதல் 0.8 மி.மீ. வரை இந்த இடைவெளி கொடுக்கப்பட்டிருக்கும். உங்கள் காரின் கையேட்டில் இருப்பதே இறுதி. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் சுற்றிலும் நான்கு இடத்தில் நுழைத்துப் பாருங்கள். இடைவெளி கூடினால் தண்ணீர் முன்னேறாமல் அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். குறைந்தால் சூட்டில் உரசும். இம்பெல்லர் கைவிரலால் ஷாஃப்டில் ஏறுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஹப்பும் அப்படியே. தளர்ந்த ஹப்பைப் பசை போட்டு ஒட்டி, அதில் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் விசிறியை மாட்டுவது என் துணிவுக்கு அப்பாற்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களில் இப்படிப்பட்ட சீலே இருக்காது. கிராஃபைட் தடவிய கயிறும், அதை இறுக்கும் பித்தளை நட்டும்தான். அங்கே பழைய கயிற்றை முழுக்கத் தோண்டி எடுத்து, தனித்தனி வளையங்களாக வெட்டி, வெட்டுவாய்கள் ஒரே இடத்தில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள். நட்டைக் கையிறுக்கத்துக்குச் சற்று மேல் மட்டும் முறுக்குங்கள். எப்போதாவது ஒரு சொட்டு விழுவதுதான் அதன் இயல்பு. சொட்டவே கூடாது என்று இறுக்கினால் ஷாஃப்டில் கோடு விழும், பிறகு எந்தக் கயிறும் நிற்காது.

மாட்டும்போது பிளாக் முகத்தைப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். சுழலும் உரசுதட்டு அலுமினியத்தில் நொடியில் பள்ளம் எடுக்கும். காகித கேஸ்கெட்டின் இரு பக்கமும் கெட்டியாகாத வகை சீலன்ட்டை விரலால் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். பிதுங்கி உள்ளே போன சிலிக்கோன் துண்டு தெர்மோஸ்டாட்டில் சிக்கியதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ப் பாதைக்குள் நுழையும் போல்ட்களின் மரையில் மட்டும் சீலன்ட் வையுங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் அருகில் இருந்தால் போதும், எதிரெதிராக, இரண்டு தடவையாக. பெல்ட்டின் நீளமான பகுதியை விரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. தாழ வேண்டும். பம்ப் பேரிங்குகளைக் கொல்வதில் அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

வெறும் தண்ணீர் வேண்டாம். துருத் தடுப்பான் உள்ள கூலண்டைத் தாதுக்கள் நீக்கிய தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். பித்தளை ரேடியேட்டரும் ஈயப் பற்றும் உள்ள இந்தக் கார்களுக்குப் பழைய, கனிம உப்பு வகைக் கூலண்டே என் தேர்வு. அதை 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதன் தடுப்பான் தீர்ந்துபோகும் என்பதால். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மெல்ல ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் தட்டில் காற்றுத் துளை இல்லாவிட்டால் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடலாம். அது இல்லாமல் பம்புக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவே காற்று சிக்கினால் சீல் உலர்ந்து ஓடும்.

முதல் ஓட்டத்தில் பம்பின் அடியில் உள்ள அந்தச் சிறு துளையிலிருந்து சில சொட்டுகள் வரலாம். கார்பனும் பீங்கானும் ஒன்றோடொன்று பழகும் நேரம் அது. துளைக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை இரவு வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். நாளுக்கு நாள் கறை சிறுத்தால் விட்டுவிடலாம். நூறு கிலோமீட்டருக்குப் பிறகும் அதே அளவில் இருந்தால், பம்பை மறுபடி இறக்கி, எழுதிவைத்த இம்பெல்லர் ஆழத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் போதுமான அளவு அழுந்தவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.